சதுப்பு நிலத்தில் நானும் என் இங்கிலீசும்

1

மாத்தளையில் இருக்கிற என் மச்சான் தொலைபேசியில் ஒவ்வொரு முறையும் கேட்பான். "அங்க என்னா வேல மச்சான் பாக்குறீங்க?" நானும் ஒவ்வொரு முறையும் "பூங்காவுலதான்" என்று சொல்லிவிட்டு, போனை என் மனைவி சரசுவின் கையில் கொடுத்துவிடுவேன். எனக்குத் தொலைபேசியில் பேச்சு வராது. நேரில் பேசினாலும் வராது. எழுதினால் எதிராளியின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. அதனால் அவனுக்கும் அங்கே உள்ள மற்றவர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் எல்லாம் எழுதுகிறானா என்று யாராவது கேட்டால், தமிழ் எழுத்து முழுவதையும் ஐந்தாம் வகுப்புக்குள்ளேயே முடித்துவிடுகிறார்கள், அதற்கு மேல் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை என்று சொல்லுங்கள்.

கனடாவில் டொராண்டோவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நகரம். அதன் பெரிய பூங்காவில் புல் வெட்டுவது, இலை கூட்டுவது, விழுந்த மரத்தை அறுப்பது என் வேலை. வேலை நல்லதுதான், ஆனால் அரை வருடத்து வேலை. பனி விழத் தொடங்கியதும் "நன்றி, போய் வாருங்கள்" என்று அனுப்பிவிடுவார்கள். போன குளிர்காலம் முழுக்க தூரத்து ஊர் ஒன்றில் கோழி வெட்டுகிற தொழிற்சாலையில் இருந்தேன். அறையில் ஆறேழு ஆம்பிளைகள், எல்லார் மேலும் கோழி வாடை.

பனி கரைந்து நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் மகள் நிரோஷா கதவைத் திறந்தாள். பதினொரு வயது. என்னைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, அம்மாவைப் பார்த்து இங்கிலீசில் சொன்னாள்: "அவர் வந்திருக்கிறார்."

அவர்! தபால்காரர் வந்திருக்கிற மாதிரி.

சரசு அன்றைக்கே சொல்லிவிட்டாள். "இன்னொரு குளிருக்குக் கோழி வெட்டப் போனீங்கன்னா, திரும்பி வர்றப்ப இந்தப் புள்ள ஒங்ககிட்ட அடையாள அட்ட கேப்பா." எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். பூங்காவில் வருடம் முழுக்க ஒரு வேலை.

2

தோட்டத்து ஆட்களுக்கு இங்கிலீசு தெரியாது என்று டவுன்காரர்கள் நினைக்கிறார்கள். எல்கடுவைப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இங்கிலீசு கொட்டிக் கிடந்தது. பெக்டரி, ஸ்டோர், டிஸ்பென்சரி, செக்ரோல், சுப்பிரண்டன். இப்போது யோசித்துப் பார்த்தால் அத்தனையும் வேலைச் சொல். மரம், மேகம், ஓடை, தவளை எதற்கும் துரைமார் எங்களுக்கு ஒரு சொல்கூடத் தரவில்லை. தேயிலை மலையையே நம்பர் போட்டுத்தான் கூப்பிட்டார்கள். ஆறாம் நம்பர் மலை, ஒன்பதாம் நம்பர் மலை. எதிரே தெரிந்த பெரிய மலைத்தொடருக்கு மட்டும் பெயர் வைத்தார்கள், நக்கிள்ஸ் என்று. அதற்கு விரல் முட்டி என்று அர்த்தமாம், இங்கே வந்துதான் தெரிந்தது. அப்படி ஒரு மலையைப் பார்த்ததும் வெள்ளைக்காரனுக்கு ஞாபகம் வந்தது மூக்கில் குத்துவது!

தோட்டத்தில் நாங்கள் படித்த பாடம் வேறு. துரை வருகிற பாதையில் நாம் நிற்கக் கூடாது. ஜீப் சத்தம் கேட்டதும் தலைத்துண்டை எடுத்துக்கொண்டு கானில் இறங்கிவிட வேண்டும். கான் என்றால் பாதை ஓரத்து வடிகால். இறங்கித் தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். இதை யாரும் சட்டமாக எழுதி ஒட்டவில்லை. என் அப்பா இறங்கினார், நான் இறங்கினேன். பிறகு அரசாங்கம் தோட்டங்களை எடுத்துக்கொண்டது. வெள்ளைக்காரத் துரை போய் நம் நாட்டுத் துரை வந்தார். துரை மாறினார், கான் அதே இடத்தில் இருந்தது.

அடுத்த பாடம், துரை எது கேட்டாலும் "யெஸ் சேர்." கேட்டது விளங்க வேண்டிய அவசியமில்லை. "நோ" என்ற சொல் எங்கள் தோட்டத்து இங்கிலீசுக்கு வந்து சேரவே இல்லை.

3

பூங்காவில் எங்கள் மேற்பார்வையாளர் ஷெரில் என்கிற பெண்மணி. நல்லவர். கையை ஆட்டிச் சிரிப்பார், தன் தேநீரைத் தானே ஊற்றிக் குடிப்பார். அவரைத் துரைசாணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் என் காலுக்கு அது தெரியவில்லை. பாதையில் அவருடைய சின்ன லொறியின் சத்தம் கேட்டால் போதும், என் கால் என்னைக் கேட்காமலே பள்ளத்தில் இறங்கிவிடும்.

அந்தப் பாதை ஓரத்துப் பள்ளம் வெறும் பள்ளம் அல்ல. அதுதான் சதுப்பு நிலம். தண்ணீரும் கோரையும் தவளையுமாகக் கிடக்கும். நான் முழங்கால் வரை இறங்கித் தலையைக் குனிந்துகொண்டு நிற்பேன். பார்க்கிறவர்களுக்கு என்ன தோன்றும்? இந்த மனுசனுக்குச் சதுப்பு நிலத்தின் மேல் எவ்வளவு பிரியம் என்றுதான் தோன்றும்.

ஒரு நாள் ஷெரில் லொறியை நிறுத்தித் தலையை நீட்டினார்.

"ஃப்ரொக்ஸ், சிவா?"

"யெஸ் மேடம்."

இப்படியே ஒரு கோடை போனது. போன ஜூன் தொடக்கத்தில் மறுபடி நிறுத்தினார். இந்த முறை நீளமாகப் பேசினார். ஸ்கூல், சில்ட்ரன், டோக் என்ற சொற்கள் மட்டும் என் பக்கம் மிதந்து வந்தன. மிச்சம் தண்ணீருக்குள் போய்விட்டது. "யெஸ் மேடம்" என்றேன். அவர் சந்தோசமாக ஒரு தாளைக் கொடுத்துவிட்டுப் போனார்.

வீட்டில் அதை நிரோஷாவிடம் நீட்டினேன். வாசித்தாள். முகம் வெளுத்தது. அதிர்ச்சியில் தமிழே வந்துவிட்டது.

"அப்பா, இது என்னோட கிளாஸ்."

சுற்றாடல் வாரமாம். பக்கத்துப் பள்ளிக்கூடத்தின் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளைச் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய் அங்கே வாழும் உயிர்களைப் பற்றி விளக்க வேண்டுமாம். விளக்குபவர், சிவா. அடியில் இன்னொன்றும் இருந்தது. வருடம் முழுக்க வேலை செய்ய ஓர் இடம் காலியாகிறது, அதற்குப் பொதுமக்களோடு பேசக்கூடிய ஆளைத்தான் எடுப்பார்கள், இந்த நடை எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டு உங்கள் பெயரை மேலே அனுப்புகிறேன் என்று ஷெரில் கையால் எழுதியிருந்தார்.

"நீங்க யெஸ் சொன்னீங்களா?"

"அவங்க கேட்டாங்கம்மா."

"என்ன கேட்டாங்கன்னே தெரியாம?"

சரசு கறிச்சட்டியைத் துழாவிக்கொண்டே சொன்னாள். "ஒங்கப்பா கல்யாணத்துக்கும் இப்பிடித்தான் தலையாட்டினாரு."

4

பிள்ளைகள் அந்த வாரம் படிக்க வேண்டிய சொற்களைப் பள்ளிக்கூடத்தில் அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். நிரோஷாவின் தாளை வாங்கிக்கொண்டு பாரூக் நானாவிடம் போனேன். அவர் மாத்தளை டவுன்காரர். அங்கே குடும்பத்துக்குப் பலசரக்குக் கடை, இங்கே அவருக்கு டாக்சி. அவருடைய இங்கிலீசில் இலக்கணமும் கிடையாது, பயமும் கிடையாது. சவாரி இல்லாத நேரத்தில் டாக்சியை மரநிழலில் போட்டுவிட்டுப் பாடம் எடுத்தார்.

"மார்ஷ் எண்டா சதுப்பு, தம்பி. ஸ்வொம்ப் எண்டாலும் சதுப்பு. பொக் எண்டாலும் சதுப்பு."

"ஒரு சேத்துக்கு எதுக்கு நானா மூணு பேரு?"

"அவங்கட நாட்டுல சேறு கூட. வேற வேல இல்லாம பேரு வெச்சீக்காங்க. செல்லுங்க, மார்ஷ்."

"மார்ஸ்."

"அது கிரகம். அங்க ஸ்கூல் புள்ளைகளக் கூட்டிப் போக ஏலாது."

மழைக்கு அதைவிட மோசம். தூறலுக்கு ஒன்று, பொழிவதற்கு ஒன்று, பாதி பனியாகப் பெய்வதற்கு ஒன்று. எல்கடுவையில் மழைக்கு எங்களிடமும் வகைவகையாகச் சொற்கள் இருந்தன. அவை மழையைத் திட்டுகிற சொற்கள், பள்ளிக்கூடத்துக்கு ஆகாது.

தாளின் நடுவில் இரண்டு வரி. நேட்டிவ் ஸ்பீசீஸ், இன்வேசிவ் ஸ்பீசீஸ்.

"மொதலாவது இங்கயே பொறந்த செடி," என்றார் நானா. "ரெண்டாவது பொறத்தால வந்து எடம் புடிச்ச செடி."

"அத என்னா செய்வாங்க?"

"புடுங்குவாங்க."

நானா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "செடியத்தான் செல்றாங்க, தம்பி. நாங்க டாக்ஸ் கட்டுறோம். அடுத்த சொல்லப் பாருங்க."

அடுத்த சொல் ஷெல்டர். ஆபத்து வரும்போது உயிர்கள் ஒளிந்துகொள்கிற இடம். எண்பத்து மூன்று கலவரத்தில் எங்கள் லயத்து வீடுகளுக்கு நெருப்பு வைத்தபோது நானும் சரசுவும் மானாப் புல்லுக்குள் குப்புறக் கிடந்தோம். புல்லின் விளிம்பு கன்னத்தைக் கிழித்தது, இருமல் வந்தது, அடக்கிக்கொண்டோம். அந்தச் சொல் எனக்கு ஒரே தடவையில் பாடமானது. மார்ஷுக்கும் பொக்குக்கும் இன்றைக்கு வரை வித்தியாசம் தெரியாது.

நடைக்கு முதல் நாள் நிரோஷா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நீங்க என்னோட அப்பான்னு சொல்ல வேணாம். ப்ளீஸ்."

"சரிம்மா."

"என் பேரு கூப்புட வேணாம்."

"சரி."

"என்னப் பாக்கவும் வேணாம்."

"தவளையப் பாத்துக்கிறேன்."

சிரிப்பு வந்தது அவளுக்கு. வந்ததை விழுங்கிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். சரசு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மகள் போன பிறகு என்னிடம், "அவ கெடக்கட்டும். நீங்க வாயத் தொறந்து நாலு வார்த்த பேசிட்டு வாங்க. கோழி பாவம்," என்றாள்.

5

பிள்ளைகள் மஞ்சள் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். கூடவே ஓர் ஆசிரியை. ஷெரில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார். நிரோஷா கடைசி வரிசையில், உயரமான ஒரு பையனின் முதுகுக்குப் பின்னால். நான் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது.

"குட் மோர்னிங்," என்றேன். "திஸ் இஸ் மார்ஷ்."

சரியாக வந்தது. அதோடு தாளில் இருந்த மிச்சச் சொல் எல்லாம் ஒன்று சேர்ந்து ஓடிவிட்டது. பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"இட் இஸ் வெட்," என்றேன்.

சிலர் சிரித்தார்கள். ஆசிரியை இரக்கப்பட்டு, இங்கே என்னென்ன வாழ்கின்றன என்று கேட்டார்.

"ஃப்ரொக்."

"வேறே?"

யோசித்தேன். "ஸ்மோல் ஃப்ரொக்."

ஷெரில் கடிகாரத்தைப் பார்த்தார். எனக்குக் கோழிகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருகிற பெல்ட் கண்ணுக்கு முன்னால் ஓடத் தொடங்கியது. வாயால் முடியாததைக் கையால் செய்யலாம், ஒரு தவளையையாவது பிடித்துக் காட்டலாம் என்று காற்சட்டையை மடித்துவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினேன். துழாவினேன். ஒரு தவளையும் சிக்கவில்லை. என்னோடு அத்தனை நாள் நின்ற பழக்கத்துக்காவது ஒன்று வந்திருக்கலாம்.

காலைத் தூக்கியபோது கெண்டைச் சதையில் ஓர் அட்டை. கறுப்பாக, கொழுத்து, என் ரத்தத்தைச் சாவகாசமாகக் குடித்துக்கொண்டிருந்தது. முன்வரிசைப் பிள்ளைகள் அலறினார்கள். ஆசிரியை பின்னால் சாய்ந்தார்.

இங்கே ஒரு விசயத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தோட்டத்தில் அட்டையை யாரும் சும்மா பிடுங்கி எறிய மாட்டார்கள். திட்டிக்கொண்டுதான் எறிவார்கள். அதிலும் கொழுந்தெடுக்கிற பெண்கள், கங்காணி காதுபடுகிற தூரத்தில் நிற்கிறபோது அட்டையைப் பிடித்தால் தொண்டை கிழியத் திட்டுவார்கள். கங்காணிக்கு விளங்கும். கேட்டால், அட்டையைத்தானே திட்டினோம் என்பார்கள். அந்தத் திட்டைச் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த எவனுக்கும் அட்டையைக் கண்டால் அது தானாக வந்துவிடும். எனக்கும் வந்துவிட்டது. தோட்டத்துக் குரலில், மலைக்கு மலை கேட்கிற மாதிரி.

"ரத்தம் குடிச்சு வயிறு பெருத்த நாயே! இது என்னா ஒங்கப்பன் வீடாடா, வந்து ஒக்காந்துகிட்டு திங்கிற?"

அட்டையைப் பிடுங்கித் தூர எறிந்தேன். பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது.

ஷெரில் என்னையே பார்த்தார். ஆசிரியையின் புருவம் நெற்றிக்கு ஏறியிருந்தது. வேலை போனது, குளிர்காலம் போனது, எல்லாம் போனது என்று நின்றேன்.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்க முயன்று, மூக்கு வழியாக வந்து, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றால் சரசு அவளிடம் கேட்கிற அதே கேள்விதான் நான் அட்டையிடம் கேட்டது. அந்தக் கூட்டத்தில் அது விளங்கக்கூடிய ஒரே ஆள் நிரோஷா.

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

"அவர் பேசுவது உனக்கு விளங்குகிறதா?" என்று ஆசிரியை கேட்டார்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே.

"ஹீ இஸ் மை டாட்," என்றாள் நிரோஷா.

"அவர் என்ன சொன்னார்?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். என்னைப் பார்த்தாள், ஷெரிலைப் பார்த்தாள். பிறகு நிதானமாக, பாட்டு ஒப்பிக்கிற மாதிரி, இந்த அட்டைக்கு இது வீடு, நாம்தான் விருந்தாளிகள், அதன் ஹெபிடெட்டை நாம் மதிக்க வேண்டும் என்று தன் அப்பா சொல்வதாகச் சொன்னாள்.

ஷெரில் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார்.

தோட்டத்தில் ஆட்கள் கூடிநின்று கத்துவதைத் துரைக்கு மொழிபெயர்த்த கணக்கப்பிள்ளைமார் இருந்தார்கள். "எல்லாரும் திருப்தியா இருக்காங்க சேர்" என்பார்கள். என் மகள் அவர்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடை அவள் கையில். நான் தமிழில் பேசினேன், அவள் இங்கிலீசில் பேசினாள். இரண்டுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

"நிரோ, கால் வெறைக்குதும்மா. மேல ஏறிரவா?"

அவள் பிள்ளைகளைப் பார்த்து நீளமாக ஏதோ விளக்கினாள். தண்ணீர், ஒட்சிசன், பாலன்ஸ் என்று போயிற்று. பிள்ளைகள் குறித்துக்கொண்டார்கள்.

"என்னாம்மா சொன்ன?"

"நீங்க சொன்னதத்தான். கொஞ்சம் கூட."

"அப்ப ஏறட்டுமா வேணாமா?"

"இன்னும் கொஞ்சம் நில்லுங்கப்பா. நல்லாப் போகுது."

6

வேலை கிடைத்தது. வருடம் முழுக்க. ஷெரில் வந்து கையைக் குலுக்கிச் சொன்னபோது நான் பாதையிலேயே நின்றேனா, கீழே இறங்கினேனா என்று ஞாபகம் இல்லை.

அதோடு விட்டிருந்தால் நல்லது. சனி, ஞாயிறுகளில் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக அந்தப் பூங்காவுக்கு வருகிறார்கள். சோற்றுத் தட்டையும் சோடாப் போத்தலையும் சதுப்புக்குள் எறிந்துவிட்டுப் போகிறார்கள். அதனால் ஷெரிலுக்கு ஒரு யோசனை. அன்று அட்டையைப் பற்றி நீங்கள் சொன்ன அந்த அழகான வாசகத்தைத் தமிழில் எழுதித் தாருங்கள், பலகையாக வைப்போம் என்றார்.

வீட்டில் ஆலோசனை நடந்தது. பாரூக் நானாவும் வந்திருந்தார்.

"வாழிடத்தை மதிப்போம்னு போடுங்க," என்றாள் சரசு. "மரியாதையா இருக்கும்."

"மரியாதையாத்தான் ஈக்கி," என்றார் நானா. "ஒருத்தனும் வாசிக்க மாட்டான். எங்கட ஆள்களுக்கு மரியாதையாச் செல்லி எது வெளங்கீக்கி?"

நிரோஷா இங்கிலீசில் தொடங்கி, நிறுத்தி, தமிழுக்கு மாறினாள். "அப்பா, நீங்க அன்னைக்கு நெசமாச் சொன்னதப் போடுங்க. நாய் வேணாம். மத்தது."

பயந்துகொண்டுதான் எழுதிக் கொடுத்தேன். இதன் அர்த்தம் என்ன என்று ஷெரில் தொலைபேசியில் கேட்டபோது, "ரெஸ்பெக்ட் த ஹெபிடெட்" என்று என் மகள் குரல் நடுங்காமல் சொன்னாள். பலகை வந்தது. பச்சை நிறம், வெள்ளை எழுத்து, ஓரத்தில் ஒரு தவளைப் படம். மாத்தளையிலிருந்து யாராவது வந்தால் கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

"இது உங்கப்பன் வீடு இல்லை."

முதல் வாரமே நம் ஆட்கள் அதன் முன்னால் கூடி நின்று வாய்விட்டு வாசித்தார்கள், சிரித்தார்கள், பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். ஒரு பெரியவர் தண்ணீரில் எறிந்த தட்டை, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குனிந்து எடுத்துக்கொண்டு போனார். தமிழர்கள் இயற்கையை இவ்வளவு நேசிப்பார்கள் என்று தனக்குத் தெரியாது என்று ஷெரில் சொல்கிறார்.

இப்போது வெளியே பனி கொட்டுகிறது. காலையில் பாதைப் பனியை அள்ளிவிட்டு, பகல் சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். கார் நிறுத்துகிற இடத்துக்கும் ஒரு தமிழ்ப் பலகை வேண்டுமாம். அதைத் தானே எழுதப் போவதாக நிரோஷா அறிவித்துவிட்டாள்.

"ஒனக்குத் தமிழ் எழுதத் தெரியாதேம்மா."

"நீங்கதான் வீட்டுல இருக்கீங்களே."

சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து 'அ'வில் தொடங்கினேன். அவள் என் கையிலிருந்து பென்சிலை வாங்கிக்கொண்டு, "இது அப்புறம். 'நாயே'க்கு என்ன எழுத்து?" என்றாள்.

'ந' எழுதி, பக்கத்தில் கால் போட்டுக் காட்டினேன். நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினாள். அழகாகவே வந்தது.

"அம்மானு ஒரு வார்த்த இருக்குறதயும் அந்தப் புள்ளக்கிச் சொல்லுங்க," என்று சரசு அடுப்பங்கரையிலிருந்து சத்தம் போட்டாள்.

"அடுத்த வாரம்மா," என்றாள் நிரோஷா, தலையைத் தூக்காமல், தமிழில்.